இருபத்திநாலாவது ஆள்

அதில்லங்க, இந்தப் பக்கம் இருக்கற பட்டன். ஆங், அதான். அம்புக்குறி போட்ட நாலும் நடக்கறதுக்கு. வட்டமா ரெண்டு இருக்குல்ல, ஒண்ணு பொருள எடுக்க, இன்னொண்ணு கதவத் தொறக்க. அவ்ளோதான். இதுக்கு மேல ஒரு பட்டன் வெச்சா செஞ்ச எனக்கே கொழம்பிடும்.

சிரிக்காதீங்க, நெசமாவே நான்தான் செஞ்சேன். பொட்டிய சொல்லல, பொட்டி கடையில வாங்கினது. உள்ள ஓடுதே ஆட்டம், அத. நாப்பத்திரெண்டு வயசுல எனக்கு வந்த கேட்டப் பாருங்க! பகல்ல கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கறேன், சாயங்காலம் இந்தக் கூத்து. நூலகத்து மாடியில சொல்லித் தர்றாங்க, உள்ளங்கை அகலப் பொட்டிக்கு வீடியோ கேம் செய்யறது எப்படின்னு. ஒண்ணுமே தெரியாதவங்களுக்கான கிளாஸ். நான் பின்னல் கிளாஸுக்குத்தான் பேர் குடுக்கப் போனேன், அது நெறஞ்சு போச்சு. மிச்சம் இருந்தது இதுவும் நீச்சலும். நீச்சல்னா உடம்பக் காட்டணும். அதான் இதுல சேந்துட்டேன்.

இப்ப வீட்டுப்பாடம் என்னன்னா, தெரியாதவங்க இருபத்தஞ்சு பேர்கிட்ட குடுத்து வெளையாட வைக்கணும். நாம பக்கத்துல ஒக்காந்து, யாரு எங்க எப்படி சாகறாங்கன்னு நோட்டுல எழுதணும். வாயத் தொறந்து வழி சொல்லக் கூடாது. நீங்க இருபத்திநாலாவது ஆள். உங்க மெஷின் இன்னும் முப்பத்திமூணு நிமிஷம் ஓடும்னு காட்டுது. இந்தக் காசு போட்டுத் தொவைக்கற கடையில துணி சுத்தறதையே பாத்துட்டு ஒக்காந்திருக்கறதுக்கு, நாலு தடவ செத்துப் பாக்கலாம் இல்லியா?

பயப்படாதீங்க, ரத்தமெல்லாம் வராது. கறுப்பு வெள்ளத் திர. அடி விழுந்தா டப்புன்னு ஒரு சத்தம், மேல ஒரு உசுரு கொறயும். மொத்தம் மூணு உசுரு. கீழ நிக்குதே சின்னதா, அதான் நீங்க. பொம்பளன்னு நம்பிக்கோங்க. எட்டுக்கு எட்டுப் புள்ளி, அதுக்குள்ள ஒரு ஆள வரையணும். பாவாடைக்கு மூணு வரிசை போயிடுச்சு, தலமுடிக்கு ரெண்டு. கண்ணு வெச்சதோட சரி, வாய்க்கு எடமில்ல.

ஆரம்பிங்க. நீங்க இருக்கறது அடுப்படி. பக்கத்துல உயரமா இருக்கறது ஃப்ரிட்ஜ். அந்தச் சதுரம் வாஷிங் மெஷின். அது ஓடாது, அமுக்காதீங்க. ஏன்னு அப்பறம் சொல்றேன். அந்தப் பக்கம் கொடியில மூணு துணி தொங்குது பாருங்க, அத எடுத்து மடிச்சு அலமாரியில வைக்கணும். மொத வேல அதான். ஒண்ணு ஆச்சா. ரெண்டு.

டிங்னு ஒரு சத்தம் கேட்டுச்சுல்ல? அது சாவி. அவன் வந்துட்டான். இவனுக்கு மட்டும் பதினாறுக்குப் பதினாறு புள்ளி குடுத்திருக்கேன், அதான் அவ்ளோ பெருசு. பாருங்க, வாட்ச கழட்டி ஃப்ரிட்ஜ் மேல வைக்கறான். அதான் அறிகுறி. அதுக்கப்பறம் ரெண்டே செகண்ட்.

ம்.

சரி. உள்ள போயித் தாழ்ப்பாளும் போட்டாச்சு. நல்லது. இல்லல்ல, ஒண்ணுமில்ல, நேரத்த எழுதிக்கறேன். நீங்க ஆடுங்க.

இப்ப வெளிய வந்தீங்களா, வாட்ச திரும்பக் கட்டிட்டான். அப்ப ஒண்ணும் பண்ண மாட்டான். அந்த மூணாவது துணிய எடுங்க. அடடா! பாத்தீங்களா, வாட்ச மறுபடி கழட்டினத கவனிக்கல நீங்க. போச்சு ஒரு உசுரு. இப்ப பொம்மை மின்னி மின்னி மறையுதுல்ல, அந்த ஒரு செகண்ட் அவனால உங்களத் தொட முடியாது. ஓடுங்க.

அந்த மின்னலுக்கு ஒரு கத இருக்கு. நான் மொதல்ல அத வைக்கவே இல்ல. டீச்சர் ஆடிப் பாத்தாங்க. டீச்சர்னா என்னவோ பெரிய ஆள்னு நெனைக்காதீங்க, எம் பொண்ணு வயசு இருக்கும், எனக்குப் பொண்ணு இருந்திருந்தா. முடிக்குப் பச்ச அடிச்சிருக்கும். அது ஆடுது, அவன் வந்து ஒரே ஒரு தடவதான் தொட்டான், மூணு உசுரும் போயி ஆட்டமே முடிஞ்சுடுச்சு. கிளாஸே சிரிக்குது. அக்கா, இந்தப் பொட்டி செகண்டுக்கு அறுபது தடவ திரைய வரையுது, ஒவ்வொரு தடவயும் ரெண்டு பேரும் ஒட்டிட்டு இருக்காங்களான்னு பாக்குது, நீங்க ஒரு அடின்னு நெனைக்கறீங்க, அது அறுபது அடின்னு எண்ணுதுன்னு சொல்லுச்சு. மொத மொத செய்யறவங்க எல்லாரும் பண்ற தப்புதானாம். அடி பட்டதும் ஒரு செகண்ட் மூச்சு விட வழி குடுக்கணுமாம்.

எனக்கு அது தப்புன்னே படல. அடின்னா ஒண்ணோட நிக்குமா என்ன?

எதுக்கு நிமுந்து பாக்கறீங்க? கைய எடுக்காதீங்க, அவன் வர்றான். பாருங்க, ஓடிட்டீங்க, தாழ்ப்பாப் போட்டுட்டீங்க. கெட்டிக்காரி.

ஆமா, அது என் வீடுதான். இருந்த வீடு. ஒம்பது வருஷம். ஆரம்பத்துல டீச்சர் சொன்னது இதான், மொத ஆட்டத்துக்கு ராட்சசன், ராக்கெட்னு போகாதீங்க, நல்லாத் தெரிஞ்ச ஒரு எடத்த எடுத்துக்கோங்கன்னு. மத்தவங்களும் அப்படித்தான். எங்க கிளாஸ்ல பஸ் ஓட்டற அண்ணன் ஒருத்தர், தங்கமான மனுஷன், கிளாஸுக்கு எல்லாருக்கும் பிஸ்கட் கொண்டாருவார். அவர் செஞ்ச ஆட்டத்துல குறுக்க வர்ற காரு, சைக்கிளு, மேலதிகாரி, அத்தனையும் ஏத்தி நசுக்கணும். மேலதிகாரிக்கு மட்டும் அம்பது பாயிண்ட். பல் டாக்டர்கிட்ட வேல பாக்கற பொண்ணு, டாக்டரோட பல்ல ஒண்ணொண்ணா சுத்தியால ஒடச்சு எடுக்குது. தபால்காரர் ஆட்டத்துல நாய் பறக்குது. ஆளாளுக்கு உள்ள இவ்ளோ வெறி இருக்கான்னு நெனச்சேன். அப்பறம் என் முறை வந்துச்சு. நான் காட்டுனேன். அன்னிக்கு யாரும் பிஸ்கட் தொடல.

போச்சா? மூணும் போச்சா? பரவால்ல, அஞ்சு நிமிஷம் தாக்குப் பிடிச்சீங்க. பஸ்கார அண்ணனே நாப்பது செகண்ட்தான். இன்னொரு தடவ ஆடுங்க. மெஷின் இன்னும் இருபத்திநாலு நிமிஷம் இருக்கு.

இருங்க, கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்துக்கறேன். எனக்கு எடது காது கேக்காது. மூணாவது வருஷம் போச்சு. உள்ளங்கையக் குவிச்சு அடிச்சா வெளிய தடம் தெரியாது, உள்ள மட்டும் கிழியும். தெரிஞ்சேதான் அடிச்சான். இந்த ரெண்டு வெரலப் பாருங்க, மடங்காது. அடுப்படிக் கதவ சாத்துனான், கை நடுவுல இருக்கறது தெரிஞ்சுதான். சாத்திட்டு உடனே தொறக்கல, சாஞ்சு நின்னான். அதான் ஆட்டத்துல ரெண்டு பட்டனுக்கு மேல வைக்கல. சும்மா கொழம்பும்னு சொன்னேன், என் கைக்கு ஒத்து வராதுங்கறதுதான் விஷயம்.

வாட்ச் எதுக்குக் கழட்டறான்னு கேக்கறீங்களா? கண்ணாடியில கீறல் விழக் கூடாதுல்ல! விலை ஒசந்த வாட்ச். எம் மூஞ்சிய விட அதுக்கு மதிப்பு ஜாஸ்தி. கழட்டி, கைக்குட்டையில ஒரு தொட தொடச்சு, ஃப்ரிட்ஜ் மேல பதமா வைப்பான். கத்தவே மாட்டான். அதுக்கப்பறம்தான் தலமுடி. முடியப் புடிச்சு ஹால்ல இருந்து அடுப்படி வரைக்கும் தரையிலயே இழுத்துட்டுப் போவான். பதினோரு அடி. ஆட்டத்துல பதினோரு கட்டம் வெச்சிருக்கேன், எண்ணிப் பாருங்க.

குரல் ஏறிடுச்சா? மன்னிச்சுக்கோங்க. ஒரு காதோட பேசறவங்களுக்கு சத்தம் எவ்ளோன்னு தெரியறதில்ல.

இந்த ஆட்டத்துல எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது படம் இல்ல, கணக்கு இல்ல. காரணம். டீச்சர் சொல்லுச்சு, ஆடறவங்களுக்கு அடி விழுந்தா, ஐயோ நாம இந்தத் தப்புப் பண்ணிட்டோமேன்னு அவங்களுக்கே புரியணும், அப்பதான் மறுபடி ஆடுவாங்க, இல்லன்னா பொட்டியத் தூக்கி எறிஞ்சுடுவாங்கன்னு. சரி, இதுல என்ன, எனக்குத் தெரியாத தப்பான்னு ஒக்காந்து எழுதுனேன். உப்பு ஜாஸ்தி. உப்புக் கம்மி. கதவு தொறக்க லேட்டு. ஃபோன்ல சிரிச்சது. அவன் சொன்ன ஜோக்குக்கு சிரிக்காதது. எங்க அக்கா வீட்டுக்கு வந்தது. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டது. மூணு பக்கம் வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் இத்தன மார்க்குனு போட்டு, ஒரு கோவ மீட்டர் வெச்சேன். மீட்டர் நெறஞ்சா வாட்ச் கழட்டுவான்.

வெச்சுட்டு நானே ஆடுனேன். எனக்குத் தெரியாததா? ஒரு தப்பு பண்ணாம ஆடுனேன். மீட்டர் ஏறவே இல்ல. அவன் சாயங்காலம் பூரா சோஃபாவுல ஒக்காந்திருக்கான், நான் துணி மடிக்கறேன், சோறு எடுத்து வைக்கறேன், சாமானம் கழுவறேன். நிம்மதியா இருக்கு. கொஞ்ச நேரம் அத பாத்துட்டு, பொட்டிய அணைச்சுட்டேன். ஏன்னா வீட்ல ஒரு நாளும் அப்படி இல்ல. தப்பே பண்ணாத நாள் எத்தனையோ இருந்துச்சு. வாய மூடிட்டு, உப்ப அளந்து போட்டு, நேரத்துக்குக் கதவத் தொறந்து. அன்னிக்கும் வாட்ச் ஃப்ரிட்ஜ் மேல ஏறும். ரெண்டு நாள் சோத்தக் கருக்கி வெச்சிருக்கேன், சிரிச்சுட்டே சாப்ட்டான்.

நாலு வாரம் மீட்டர மாத்தி மாத்திப் பாத்தேங்க. எதுவும் பொருந்தல. கடைசியில ஒரு ஆத்திரத்துல அத்தனையும் அழிச்சுட்டு, ஒரே ஒரு வரி எழுதுனேன். பகடை போடு. ஆறு விழுந்தா வாட்ச கழட்டு. அவ்ளோதான். ஓட விட்டேன். அப்படியே என் வீடு! அதே மாதிரி. மடிச்ச துணியோட நான் நிக்கறேன், ஒண்ணுமே நடக்கல, அவன் எந்திரிச்சு வாட்ச கழட்டறான்.

அன்னிக்கு கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் அழுதேன். டீச்சர் பயந்துடுச்சு. அக்கா, ஆட்டம் நல்லா இல்லன்னு அழாதீங்க, மாத்திக்கலாம்னு சொல்லுது. அதுக்கு எப்படிப் புரிய வைக்கறது? நான் சந்தோஷத்துல அழுதேம்மா. ஒம்பது வருஷம் எந்தத் தப்பு, எந்தத் தப்புன்னு தேடிட்டு இருந்தேன். அந்த வீட்ட விட்டு வந்தும் ஒரு வருஷம் தேடுனேன். எம் மேல தப்பே இல்லன்னு எங்க அக்கா சொல்லுச்சு, கேக்கல. எனக்குப் பாக்கற டாக்டரம்மா சொன்னாங்க, கேக்கல. இந்த உள்ளங்கை அகலப் பொட்டி சொல்லித்தான் எனக்கு ஏறுச்சு.

ரெண்டாவது ஆட்டமும் போச்சா? கை ஏன் இப்படி வேர்க்குது தங்கச்சி? இந்தா, கைக்குட்ட. தங்கச்சின்னு கூப்டலாம்ல? முழுக்கைச் சட்டைய கொஞ்சம் மடிச்சு விட்டுக்கலாம், இங்க மெஷின் சூடு. வேணாமா? சரி, வேணாம். நான் கேக்கல.

ஆடு. இன்னும் பதினாலு நிமிஷம்.

நீங்கன்னு சொல்லிட்டு இருந்தேன்ல, வாயில தானா நீன்னு வந்துடுச்சு. தப்பா எடுத்துக்காத.

கடைசியா ஒரு தப்பு சொல்றேன், அதோட என் கத முடிஞ்சுது. இது எங்க கிளாஸ்லயே நான் மட்டும் பண்ண தப்பு. டீச்சர் ஆடறப்போ கேட்டுச்சு, அக்கா, இவன்கிட்ட இருந்து தப்பிக்க எடமே இல்லையே, வாசக் கதவும் பூட்டியிருக்கு, எங்கதான் ஓடறதுன்னு. நான் சொன்னேன், ஏன், பாத்ரூம் இருக்கே. எங்கன்னு கேட்டுச்சு. இதோன்னு வெரலக் காட்டுனேன். அக்கா, இது செவுருன்னு சொல்லுச்சு. அப்பதான் பாக்கறேன். கதவ நான் வரையவே இல்ல. அந்த வீட்ல பாத்ரூம் கதவுக்கு செவுத்துக்கு அடிச்ச அதே பெயிண்ட் அடிச்சிருக்கும். நிலை கெடயாது, கைப்புடி கெடயாது, ஓரத்துல வெரல் நுழையற அளவு ஒரு சந்து. புதுசா வர்றவங்க தடவித்தான் கண்டுபுடிக்கணும். எனக்குப் பழகிப் போனதால அது கதவாவே மனசுல இருக்கு, வெறும் செவுத்த வரஞ்சு வெச்சுட்டேன். அக்கா, வீடு உங்களுக்குத் தெரியும், ஆடறவங்களுக்குத் தெரியாது, ஒரு கோடாவது போடுங்கன்னு டீச்சர் சொல்லுச்சு. போடறேன்னு சொன்னேன்.

போடல.

இதுவரைக்கும் இருபத்திமூணு பேர் ஆடியிருக்காங்க. நோட்டப் பாரு. பஸ்கார அண்ணன் கட்டிலுக்கு அடியில போயி செத்தார். பல் டாக்டர் பொண்ணு வாசக் கதவத் தட்டிட்டே செத்துச்சு. எங்க கடைக்குக் கண்ணாடி வாங்க வந்த ஒரு போலீஸ்காரர் நேரா அவன அடிக்கப் போனார், ரெண்டு செகண்ட்ல முடிஞ்சார். ஒருத்தர் கூட அந்தச் செவுத்துகிட்ட போகல. போயி கதவத் தொறக்கற பட்டன அமுக்கணும்னு யாருக்குத் தோணும்?

நீ மொத ஆட்டத்துலயே போன. அவன் கை வாட்சுக்குப் போனதும் ஒரு செகண்ட் கூட யோசிக்கல. ஃப்ரிட்ஜத் தாண்டி, நாலு கட்டம், நேரா அந்தச் செவுரு, பட்டன், தாழ்ப்பா. அப்பறம் இதுவரைக்கும் ஒம்பது தடவ. எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன்.

கை தவறிப் பட்டுச்சா? சரி தங்கச்சி. ஒம்பது தடவயும் கை தவறிப் பட்டுச்சு. நானும் டாக்டர்கிட்ட அப்படித்தான் சொல்லுவேன், கால் தவறிடுச்சு, கை தவறிடுச்சுன்னு.

எந்திரிக்காத. துணி இன்னும் நனைஞ்சுட்டு இருக்கு, நாலு நிமிஷம் இருக்கு. அவன் ஞாயித்துக்கெழம மதியம் தூங்குவான், நாலு மணிக்கு மேலதான் எந்திரிப்பான். அது மாறியிருக்காது.

வாஷிங் மெஷின் ஏன் ஓடலன்னு அப்பறம் சொல்றேன்னேன்ல. கண்ணாடிக் கதவு ஒடஞ்சு கெடக்கே, அத பத்தி உங்கிட்ட என்ன சொன்னான்? பழசுன்னா? இந்தா, முடிய ஒதுக்கறேன், என் நெத்தியப் பாரு. பதினோரு தையல். அத அவன் ரிப்பேர் பண்ணவே மாட்டான்னு எனக்குத் தெரியும். அப்ப யாராவது மூணு தெரு தாண்டி இங்க துணி தூக்கிட்டு வந்துதான ஆகணும்? அதான் மூணு ஞாயித்துக்கெழமையா இங்கயே வந்து ஒக்காந்திருக்கேன். எனக்குத் தொவைக்க ஒண்ணும் இல்ல.

நேரா சொல்லியிருக்கலாம்தான். நம்பியிருப்பியா? எனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா. கல்யாணமான புதுசுல எங்கிட்டப் பேச வந்தா. அது பைத்தியம், விட்டுட்டுப் போயி பொறாமையில ஒளறுதுன்னு அவன் ஏற்கனவே சொல்லி வெச்சிருந்தான். நான் கதவத் தொறக்கல. வாசல்ல அரை மணி நேரம் நின்னா அவ. உள்ள இருந்து சந்து வழியா பாத்துட்டே இருந்தேன், தொறக்கல. உங்கிட்டயும் என்னப் பத்தி அதே வார்த்தையதான் சொல்லியிருப்பான். அதான் வாயால கேக்கல உன்ன. நான் கெளம்பி வந்ததும் நான் நின்ன எடத்துல நீ நிக்கற. அது தெரிஞ்ச நாள்ல இருந்து எனக்கு சோறு எறங்கல.

இன்னும் நம்பிக்கை வரலன்னா, மெஷினுக்குள்ள பாரு. நீலக் கோடு போட்ட சட்ட ஒண்ணு சுத்துது. ரெண்டாவது பட்டன் செவப்பு நூல்ல தச்சிருக்கும். அன்னிக்கு வீட்ல வெள்ள நூல் இல்ல.

அழு. யாரும் பாக்கல.

எனக்கு இருபத்தஞ்சாவது ஆள் வேணாம், நோட்ட மூடிட்டேன். எங்க அக்கா வெளிய காரோட நிக்குது. ரூம் சின்னதுதான், ரெண்டு பேர் படுக்கலாம். டாக்டரம்மாகிட்ட நேத்தே சொல்லி வெச்சிருக்கேன்.

நின்னுடுச்சு பாரு மெஷின். அவன் சட்டையெல்லாம் ஈரத்தோட அப்படியே கெடக்கட்டும். உன் துணிய மட்டும் எடு, நான் பையப் புடிச்சுக்கறேன்.